பெண்கள் அணி, ஆண் பயிற்சியாளர்

அமெரிக்காவில் 1972-இல் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது. மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்றது அது. அதுவரை அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி அணிகளில் 3 லட்சம் மாணவியர்கூட இல்லை. இன்று 30 லட்சத்துக்கும் மேல்! மகத்தான மாற்றம்தான்.

ஆனால் யாரும் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. அன்று கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். பலர் சொற்ப ஊதியத்துக்கு உழைத்த உடற்கல்வி ஆசிரியைகள். சட்டத்துக்குப் பிறகு அந்த வேலைக்குப் பணமும் மதிப்பும் கூடின. ஆண்கள் போட்டிக்கு வந்தார்கள். தனித்தனியாக இருந்த ஆண், பெண் விளையாட்டுத் துறைகளைக் கல்லூரிகள் ஒன்றாக்கின. தலைமை நாற்காலி பெரும்பாலும் ஆணுக்கே போனது. கல்லூரிப் பெண்கள் விளையாட்டுக்காகப் பெண்களே நடத்திய தேசியச் சங்கமும் 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது.

இது சட்டத்தின் குற்றமல்ல. ஆடும் மாணவியரை எண்ணிப் பார்த்த கல்லூரிகள், பயிற்சியாளர் பணியையும் அதே அக்கறையோடு கவனித்திருக்க வேண்டும். இன்று அங்கே பெண்கள் அணிகளில் பாதிக்கும் குறைவானவற்றுக்கே பெண் தலைமைப் பயிற்சியாளர்கள். ஆண்கள் அணிகளுக்குப் பயிற்சி தரும் பெண்களோ மிக மிகச் சிலர்.