பித்தளைக்குள் ஒரு தகிட
காற்றும் கருவியும் – 14

காரைக்கால் கோவில்பத்தில் பார்வதீசுவரர் கோயில் இருக்கிறது. தேவாரத்தில் இந்தத் தலத்துக்குத் திருத்தெளிச்சேரி என்று பெயர். ஞானசம்பந்தர் இங்கே வழிபட்டுவிட்டுப் போதிமங்கையை நெருங்கும்போது, முன்னே சென்ற திருச்சின்னங்கள் அவர் புகழைச் சொல்லி முழங்கின. அதைக் கேட்ட பௌத்தர்கள் வந்து தடுத்தார்கள் என்கிறது பெரியபுராணம்.

இன்றும் சுவாமி புறப்பாட்டில் ஊதப்படும் திருச்சின்னம் நீளமான பித்தளைக் குழல். இரண்டு குழல்களை ஒன்றாக வாயில் வைத்து ஒருவரே ஊதுவார். விரலுக்கு அதில் வேலையே இல்லை. பிறகு அது எப்படிப் புகழ் சொல்லும்? உதட்டு அதிர்வில் பிறக்கும் ஒலியை எழுத்தெழுத்தாக நறுக்குவது நாக்கு. நாகசுரக்காரர்கள் இதைத் துத்துகாரம் என்பார்கள். கம்பீரநாட்டையில் மல்லாரியைக் காலம் மாற்றி மாற்றி வாசிக்கும்போது, அந்த நாக்கின் பழக்கம் எத்தகையது என்பது தெரிந்துவிடும்.

ட்ரம்பெட்டுக்கும் இதே பாடம்தான். பாரீஸில் கார்னெட் கற்பித்த ழான் பாப்டிஸ்ட் அர்பான் 1864இல் வெளியிட்ட பயிற்சி நூல், இன்றும் பித்தளைக் கருவிக்காரர்களின் அரிச்சுவடி. வேகமாக ஊத அவர் காட்டிய வழி ‘து-கு’. மூன்று மூன்றாக வந்தால் ‘து-து-கு’. அப்போது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. ஆனால், அந்த வித்தைக்கு நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. ‘தக’ என்று சொல்லிப் பாருங்கள். அர்பானின் இரட்டை அடி அதுதான். ‘தகிட’ என்றால் மூன்றடி.

தொல்காப்பியத்தின் பிறப்பியலும் இதற்குத் துணை நிற்கிறது. காற்று உந்தியிலிருந்து எழுகிறது. நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும்போது தகரம் பிறக்கிறது. நாக்கின் அடிப்பகுதி அண்ணத்தைத் தொடும்போது ககரம். ட்ரம்பெட் பழகும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

தகரம் எளிதில் வந்துவிடும். வேகம் கூடும்போது தடுமாறுவது ககரம்தான். ஆகவே அதைத் தனியாகப் பழக வேண்டும். முதலில் கருவி இல்லாமல் சொல்லுங்கள். பிறகு மவுத்பீஸில் ‘க க க க’ என்று மட்டும் ஊதுங்கள். தகரத்துக்கு நிகரான கூர்மை வந்த பிறகே இரண்டையும் சேருங்கள். ககரம் தொண்டைக்குள் புதைந்து மங்கினால் ‘கி’ என்று மாற்றிப் பாருங்கள். நாக்கு சற்று முன்னே வரும், அடி தெளியும். மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு அடி. ஓர் அடிகூடப் பிசகாமல் வந்த பின்பு 64. அவசரம் வேண்டாம்.

இத்தனைக்கும் அடிப்படை ஒன்று உண்டு. ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக மூச்சைத் தள்ளக் கூடாது. காற்று வாய்க்கால் நீர் போல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாக்கு அதைத் தொட்டுத் தொட்டு விலகினால் போதும். தாடை அசையவே கூடாது. நாக்கை ஓங்கி அடித்தால் ஒலி வெடிக்குமே தவிர, பேசாது.

கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் வாயில் இந்தப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் கையில் ட்ரம்பெட்டைக் கொடுக்கும்போது, ‘தகிட’வைச் சொல்லவைத்துவிட்டுக் கொடுங்கள்.

(தொடரும்)