ரெண்டரை ஏக்கர் குவாரிக்கு இன்னொரு ரெண்டரை ஏக்கர் வேணும்!

"சின்னக் குவாரிதானுங்க... ரெண்டரை ஏக்கர்தான்!"

கிரானைட் குவாரிக்கு மனுப் போடுகிறவர்கள் ஊரில் வழக்கமாகச் சொல்லும் பேச்சு இது. கேட்கிறவர்களும் "ரெண்டரை ஏக்கர்லே என்ன ஆயிடப் போவுது?" என்று தலையாட்டி விடுகிறார்கள்.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டால் கதையே வேறு!

சென்னையில் வீடு கட்டும் குமாஸ்தா முதல் கடை முதலாளி வரை சமையல் மேடைக்குக் கேட்பது கிரானைட். கிருஷ்ணகிரிப் பக்கத்து 'பாரடைசோ', விழுப்புரம் மாவட்டத்துக் 'குன்னம் கறுப்பு' என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். அந்தப் பக்கம் சொந்தப் பட்டா நிலம் வைத்திருக்கும் ஒருவர் குவாரி போட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படிப் போகும்:-

பாதி போச்சு!

ரெண்டரை ஏக்கர் என்பது ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். 20 மீட்டர் ஆழம் தோண்டினால் 2 லட்சம் கன மீட்டர் கல் என்று புரோக்கர் அடித்துச் சொல்வார்.

எல்லையை ஒட்டி யாரும் தோண்ட முடியாது. நாலு பக்கமும் ஏழரை மீட்டர் விட வேண்டும். மீதி 85-க்கு 85. செங்குத்தாக இறங்கவும் கூடாது. சரிந்தால் அடியில் நிற்கும் ஆளின் கதி? ஆகவே 5 மீட்டர் இறங்கியதும் சுற்றிலும் 5 மீட்டர் அகலம் படி விட்டு இறங்குவார்கள். இரண்டாவது படியில் 75-க்கு 75. அடுத்தது 65. அதற்கும் கீழே 55. நாலையும் கூட்டினால் 1,00,500 கன மீட்டர். புரோக்கர் சொன்னதில் பாதி!

அதுவும் முழுசாகக் காசாகாது. சமையல் மேடைக்கும் தரைக்கும் போகிற கல் விரிசல் இல்லாத பெரிய 'பிளாக்'காக வர வேண்டும். நிறமும் ஒரே சீராக இருக்க வேண்டும். மேலே பளபளப்பாகத் தெரியும் பாறை, பத்தடி கீழே வெடிப்பும் கறையுமாக இருக்கலாம். துளை போட்டு எடுத்துப் பார்க்காமல் பணத்தைக் கொட்டியவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டதுதான் மிச்சம். ஜல்லிக் குவாரியில் வெடி வைத்துத் தகர்ப்பது போல இங்கே தகர்த்தால் நல்ல கல்லும் உள்ளுக்குள் விண்டு போகும். அதனால்தான் வைரம் பதித்த கம்பி ரம்பமும் ஆப்பும்.

நூற்றுக்கு 20 பங்கு தேறியது என்றே வைத்தால் விற்கிற கல் 20,100 கன மீட்டர். பாக்கி 80,400 கன மீட்டர் கழிவு!

பாறையாக இருந்தபோது அடைத்த இடம் உடைத்துக் குவித்த பிறகு போதாது. கால் பங்காவது கூடும். ஆக ஒரு லட்சம் கன மீட்டர் குப்பைக் கல். இரண்டு மாடி வீட்டை விட உயரமாக, 10 மீட்டருக்குக் குவித்தாலும் அதற்கே இன்னொரு ரெண்டரை ஏக்கர் வேண்டும். வேலை நடக்கும் பள்ளத்தில் கொட்ட முடியாது. ஜல்லியாக உடைத்து விற்கலாம் என்றால் அதற்கும் அனுமதி, நடைச்சீட்டு என்று தனிக் கணக்கு உண்டு.

மனுவில் இந்த இன்னொரு ரெண்டரை ஏக்கர் எங்கே இருக்கிறது? ஊர்க்காரர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பல இடங்களில் பதில், பக்கத்து ஓடைப் புறம்போக்கு!

500 மீட்டர் விதி

முன்பெல்லாம் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படாமல் இருந்தது. 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, அரியானா வழக்கு ஒன்றில், சின்னக் குவாரிக்கும் அது வேண்டும் என்று உத்தரவு போட்டது. பெரிய குவாரியைத் துண்டு துண்டாகக் காட்டித் தப்பிக்கிற வேலைக்கு அதோடு பூட்டு விழுந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போது சுற்றிலும் 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளையும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். மொத்தம் 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழு ஆய்வு அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் கட்டாயம். தாண்டாவிட்டால் கூட்டமும் இல்லை, மைக்கும் இல்லை! பழைய குவாரிகள் சிலவற்றை விதியே கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் வரைபடத்தில் பக்கத்துக் குவாரிகளின் தேதியைப் பார்ப்பது அவசியம்.

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரி கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. ஆனால் குடியிருப்பு என்றால் வருவாய்ப் பதிவேட்டில் உள்ள ஊர்மனையும் வீட்டுமனையும், அனுமதி பெற்ற மனைப் பிரிவும்தான். வயல்காட்டில் தனியாகக் குடிசை போட்டிருக்கும் கிழவிக்கு வெடிச்சத்தம் கேட்கும், விதிக்கு அந்தக் குடிசை தெரியாமல் போகலாம்.

கிணறு சாட்சி

பாறையின் வெடிப்பு வழியாகத்தான் கிணற்றுக்கு ஊற்று வருகிறது. பள்ளம் கிணற்றை விட ஆழமாகி, அங்கே மோட்டார் வைத்து இறைத்தால் ஊற்று அந்தப் பக்கம் திரும்பும். பிறகு "எங்க கிணறு வத்திப் போச்சு" என்று ஓடினால் "மழை இல்லை, அதான்" என்று பதில் வரும். அதனால் குவாரி தொடங்கும் முன்பே, சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை, கிணற்று மட்டத்தை அளந்து எழுதி வைப்பது நல்லது. சுவரில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்று தேதியோடு போட்டோவும் எடுத்து வைக்கலாம். மனுதாரர் நல்லவராக இருந்தால் அவருக்கும் அதுவே பாதுகாப்பு.

கல் தீர்ந்ததும் பள்ளம் மட்டும் தீராது. 2017 பஞ்சத்தில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குட்டைத் தண்ணீரைச் சுத்தம் செய்து சென்னைக்குக் கொடுத்தார்கள். கைவிட்ட குவாரியால் ஊருக்கு உதவி! அதே மாதிரிக் குட்டைகளில் லீவு நாளில் குளிக்கப் போன பையன்கள் மூழ்கிய செய்தியும் வாசகர்களுக்குப் புதிதல்ல.

நாலு பக்கமும் வேலி, எச்சரிக்கைப் பலகை, மரக்கன்று எல்லாம் திட்ட அறிக்கையில் அச்சாகி இருக்கும். வேலிக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள், கடைசி லாரி போன பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம்.