கவிழ்த்துப் போட்டுக் காட்டும் கிட்டார்! - பெடல் ஸ்டீல் பிரியர்களின் பெருமிதம்

கிட்டார் வைத்திருப்பவர்கள் அதைப் பிறருக்குக் காட்டும்போது முகப்பைத்தான் காட்டுவார்கள். மரத்தின் பளபளப்பு, கம்பிகள், தயாரித்த கம்பெனியின் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆனால், ஒரு வகை கிட்டாரின் சொந்தக்காரர்கள் அதோடு நிறுத்த மாட்டார்கள். கருவியை அப்படியே கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தையும் படம்பிடித்துக் காட்டுவார்கள். அங்கே வரிசையாக மெல்லிய எஃகுத் தண்டுகள், சின்னச் சின்ன நெம்புகோல்கள், ஸ்பிரிங்குகள், திருகுகள்! பழைய டைப்ரைட்டரைப் பிரித்துப் போட்டதுபோல இருக்கும்.

அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடல்களில், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு குரல் விம்மி, நெகிழ்ந்து, வழுக்கிச் செல்லுமே... அது இந்தக் கருவியின் குரல். கார்பென்டர்ஸ் குழுவின் 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்' பாட்டைக் கேட்டிருந்தால், பெயர் தெரியாமலேயே இதையும் கேட்டிருப்பீர்கள்.

உலகத்தில் மிகக் குறைவானவர்களே வாசிக்கும் கருவி இது. ஆனால், வைத்திருப்பவர்கள் இதன்மீது கொண்டிருக்கும் பாசம் கொஞ்சநஞ்சமல்ல. எந்த வருடம் செய்தது, எந்த மரம், எத்தனை பெடல், பிக்கப் என்ன ரகம், இதற்கு முன் யார் கையில் இருந்தது என்று ஜாதகமே சொல்வார்கள். அப்படி என்ன இருக்கிறது இதில்?

கை, கால், முழங்கால்... எல்லாம் வேண்டும்!

பார்ப்பதற்கு இது கிட்டார் போலவே இருக்காது. நான்கு கால்கள் கொண்ட குறுகலான மேஜை போல நிற்கும். வாசிப்பவர் அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வார். ஒரு வரிசைக்கு 10 கம்பிகள். பெரிய கருவி என்றால் இரண்டு வரிசை, மொத்தம் 20 கம்பிகள். ஒன்றை 'ஈ9' என்றும், மற்றொன்றை 'சி6' என்றும் சொல்கிறார்கள். கன்ட்ரி இசைக்குப் பெரும்பாலும் முதல் வரிசை. ஜாஸ் சாயல் கொண்ட இசைக்கு இரண்டாவது.

இடது கையில் ஓர் எஃகு உருளை. அதைக் கம்பிகளின்மேல் வைத்து நகர்த்த வேண்டும். 'ஸ்டீல்' என்ற பெயர் வந்தது இதனால்தான். கம்பியை விரலால் அழுத்துவதே கிடையாது. பலகையில் தெரியும் கோடுகள் வெறும் அடையாளம்தான். உருளை ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் சுருதி விலகிவிடும். கண்ணைவிடக் காதைத்தான் நம்ப வேண்டும்.

இதுவரை படித்ததும் நம் சித்ரவீணை ஞாபகத்துக்கு வரலாம். கோட்டுவாத்தியம் என்று அழைக்கப்படும் அந்த வாத்தியத்திலும் மெட்டுகள் கிடையாது. கம்பிகளின்மேல் ஒரு கட்டையை வழுக்கவிட்டுத்தான் வாசிக்கிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

வித்தியாசம் கீழே இருக்கிறது. இடது காலால் ஒரு பெடலை மிதித்தால், அடியில் உள்ள தண்டு இழுபட்டு, குறிப்பிட்ட ஒன்றிரண்டு கம்பிகளின் சுருதி மட்டும் ஏறும். முழங்காலை இடப்பக்கமோ வலப்பக்கமோ அசைத்தால், அங்கே தொங்கும் லிவர் வேறொரு கம்பியை ஏற்றும் அல்லது இறக்கும். வலது கால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலில். இரண்டு வரிசைக் கருவியில் வழக்கமாக 8 பெடல்களும் நான்கைந்து முழங்கால் லிவர்களும் இருக்கும்.

சேர்ந்து ஒலிக்கும் மூன்று கம்பிகளில் இரண்டு அப்படியே நிற்க, ஒன்று மட்டும் மெல்ல மேலே ஏறிப்போகிறது. கேட்பவர் நெஞ்சைப் பிசையும் அந்த விம்மலின் ரகசியம் இதுதான்.

வாணலி போட்ட வழி

இந்தக் கருவியின் பூர்வீகம் ஹவாய்த் தீவுகள். 1874-ல் அங்கே பிறந்த ஜோசப் கெகுகு, சாதாரண கிட்டாரை மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டால் வழுக்கி வாசிக்கும் முறைக்கு முன்னோடியாகக் கொண்டாடப்படுகிறார். 1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்காவையே ஆட்டிப் படைத்தது. 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிட்டார், மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் ரகம்தான். அதன் உருவத்தைப் பார்த்து அதற்கு வைத்த செல்லப் பெயர், 'வாணலி'!

ஆனால், ஒரு நேரான உருளையை வைத்துக்கொண்டு எல்லா ஸ்வரக் கூட்டுகளையும் வாசித்துவிட முடியாது. அதனால் ஒரே கருவியில் இரண்டு, மூன்று, நான்கு வரிசைகள் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில்தான் காலுக்கும் வேலை கொடுக்கலாம் என்ற யோசனை முழுதாக வேலை செய்தது.

திருப்புமுனை 1954-ல் வந்தது. வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டில், பட் ஐசக்ஸ் என்ற கலைஞர் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். பாட்டு, கன்ட்ரி இசை வரிசையில் முதலிடத்துக்குப் போனது. அதற்குப் பிறகு, ஸ்டீல் கிட்டார் வாசித்த பலருக்கும் பெடல் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

முகப்பில் சொந்தக்காரர் பெயர்

ஐசக்ஸ் வாசித்த கருவியைச் செய்தவர் கலிஃபோர்னியாவின் பால் பிக்ஸ்பி. மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் இயந்திர வேலையிலும் கைதேர்ந்தவர். ஆர்டர் கொடுத்தவருக்காக ஒவ்வொன்றாகச் செய்து கொடுத்தார். ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்காக 1948-ல் அவர் செய்த கருவியின் முகப்பில், மரத்திலேயே இழைத்துப் பதித்திருந்தது தயாரிப்பாளரின் பெயர் மட்டுமல்ல, சொந்தக்காரரின் பெயரும்தான். இந்தக் கருவியோடு ஒட்டிவந்த பெருமிதம் அன்றே தொடங்கிவிட்டது.

1950-களின் நடுவில் டென்னசியில் ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து ஒரு தொழில் ஆரம்பித்தார்கள். இருவர் பெயரிலிருந்தும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்த பெயர், 'ஷோ-பட்'. கோடுகளுக்கு நடுவே சீட்டுக்கட்டின் ஹார்ட்டின், ஸ்பேட், டைமண்ட், கிளாவர் சின்னங்கள் பதித்த ஷோ-பட் கருவியை, தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிறகு எம்மன்ஸ் தனியே பிரிந்து, வட கரோலினாவின் ரான் லாஷ்லியோடு கைகோத்தார். அதில் உருவானது 'எம்மன்ஸ்' கிட்டார். ஆக, பழைய கருவிகளில் மிக அதிகமாக ஆசைப்படப்படும் இரண்டு பெயர்களிலும் ஒரே மனிதர் இருக்கிறார். எம்மன்ஸ் 2015-ல் காலமானார். அவர் பெயர் தாங்கிய கருவிகள் இன்றும் மேடையேறுகின்றன.

பழசா... புதுசா?

பெடல் ஸ்டீல் பிரியர்கள் நாலு பேர் கூடினால், பட்டிமன்றம் இல்லாமல் முடியாது. தலைப்பு எப்போதும் ஒன்றுதான். பழசு நல்லதா, புதுசு நல்லதா?

பழைய அணியின் தலைமைச் சாட்சி, எம்மன்ஸ் கம்பெனியின் 'புஷ்-புல்' ரகம். சுருதியை ஏற்ற இழுக்கும், இறக்கத் தள்ளும் அமைப்பு அது. கம்பியின் அதிர்வு உடம்புக்குள் நன்றாக இறங்குவதால்தான் அந்தத் தொனி வருகிறது, வேறெதிலும் வராது என்பது அவர்கள் கட்சி. ஆனால், அதைச் சரியாக அமைப்பது பெரிய தலைவலி. ஒரு திருகைத் தொட்டால் இன்னொன்று கலையும். அதைப் பொறுமையாகச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பது அபூர்வம்.

புதிய அணியோ, "வேலை செய்யாத தொனியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்கும். இன்றைய கருவிகளில் எல்லாமே இழுப்பு முறைதான். ஒவ்வொரு மாற்றத்தையும் ஓரத்தில் உள்ள சின்ன நைலான் திருகால் தனித்தனியே சரிசெய்யலாம். பழையவற்றில் பெடலை மிதிக்கும்போது உடம்பு நூலளவு வளைந்து, தொடாத கம்பிகளின் சுருதியும் லேசாக இறங்கும். புதியவற்றைச் செய்பவர்கள் இந்தக் குறையை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். கொலராடோவின் முல்லன், ஜப்பானின் எக்செல் போன்ற பெயர்களுக்கு விசுவாசிகள் இருக்கிறார்கள். டல்லஸின் எம்.எஸ்.ஏ., கார்பன் ஃபைபரில்கூட உடம்பு செய்து காட்டியது.

அழகிலும் இரண்டு கட்சி உண்டு. மேப்பிள் மரத்தின் குட்டிக் குட்டிக் கண்கள் தெரிய, லாக்கர் பூசிய உடம்புக்கு உருகுகிறவர்கள் ஒரு பக்கம். கறுப்பு மைக்கா ஒட்டிய எம்மன்ஸுக்கு ஈடே இல்லை என்பவர்கள் மறுபக்கம். ஆம், நம் வீட்டு அலமாரிகளில் ஒட்டுகிறோமே, அதே மைக்கா வகைதான்! கடைசியில் பலரும் செய்வது என்ன தெரியுமா? வீட்டில் பழசு ஒன்று, கச்சேரிக்குப் புதுசு ஒன்று!

அளவெடுத்துத் தைத்த சட்டை

ஒருவரின் பெடல் ஸ்டீலை இன்னொருவர் சட்டென்று வாங்கி வாசித்துவிட முடியாது. எந்தப் பெடல் எந்தக் கம்பியை எவ்வளவு ஏற்ற வேண்டும், எந்த லிவர் எந்தப் பக்கம் அசைய வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தன் வசதிப்படி அமைத்துக்கொள்கிறார்கள். கால்களின் உயரம், லிவர் முழங்காலைத் தொடும் இடம் எல்லாமே அந்த ஆளின் உடல்வாகுக்கு ஏற்பத்தான்.

நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களின் ஜாம்பவானான லாயிட் கிரீன் இதற்கு நல்ல உதாரணம். இரண்டாவது வரிசை தனக்குத் தேவையில்லை என்று முடிவு செய்தவர், அந்த இடத்தில் கையை ஊன்றிக்கொள்ள ஒரு மெத்தையை வைக்கச் செய்தார். அந்த அமைப்பையே ஷோ-பட் கம்பெனி அவர் பெயரில் 'எல்.டி.ஜி.' மாடலாக விற்றது. ஒரு மனிதரின் வசதி, பலரின் ஆசையாக மாறிவிட்டது.

இன்னொரு கலைஞர், பால் ஃபிராங்க்ளின். டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவின் 1991 ஆல்பத்தில் வாசித்தவர். அவர் வாசிக்கும் 'ஃபிராங்க்ளின்' கருவிகளை உருவாக்கியவர் யார்? அவருடைய அப்பாதான். இதைவிடப் பெரிய பெருமை ஒரு மகனுக்கு வேறென்ன வேண்டும்!

அடுத்த கை யாருடையது?

இத்தனை பெருமிதத்துக்குள்ளும் ஒரு கவலை இருக்கிறது. இந்தக் கருவியைச் செய்தவர்களில் பலர், பெரிய தொழிற்சாலை முதலாளிகள் அல்லர். ஒரு பட்டறை, ஒரு குடும்பம், சில உதவியாளர்கள், அவ்வளவுதான். அந்த மனிதர் ஓய்வுபெற்றால் உதிரி பாகமும் நின்றுபோகும். அவர் கையில் இருந்த வித்தையும் போய்விடும். அதனால், பழைய ஒன்றை வைத்திருப்பவர் பாதி கலைஞர், பாதி மெக்கானிக். எளிதில் அறுந்துபோகும் மெல்லிய மூன்றாவது கம்பிக்கு எப்போதும் மாற்று வைத்திருப்பார். தண்டுகளுக்கு எண்ணெய் விடுவார்.

பெட்டியோடு சேர்த்து இரட்டை வரிசைக் கருவி 30 கிலோவைத் தொடும். வயதாகி முதுகு வலிக்கும்போது, அதைத் தூக்கிக் காரில் ஏற்றுவதே பெரும்பாடு. பலர் ஒரு வரிசைக் கருவிக்கு மாறுவது இதனால்தான். விற்றுவிடலாம் என்று முடிவெடுக்கும்போது வரும் கேள்வி, 'எவ்வளவு விலை?' மட்டுமல்ல. 'வாங்குகிறவர் வாசிப்பாரா, அல்லது வரவேற்பறையில் அழகுக்கு வைப்பாரா?' என்பதும்தான்.

நம்பிக்கை தரும் விஷயங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் 'ஹவுஸ் ஆஃப் காட்' தேவாலயங்களில், ஸ்டீல் கிட்டார்தான் வழிபாட்டின் உயிர்நாடி. அங்கிருந்து வந்த ராபர்ட் ராண்டால்ஃப், ராக் ரசிகர்களையும் இந்தக் கருவியின் பக்கம் திருப்பினார். நைஜீரியாவின் கிங் சன்னி அடே, தன் ஜூஜூ இசையில் இதைச் சேர்த்து உலகம் சுற்றினார். கன்ட்ரி இசையோடு மட்டும் இதன் கதை முடியவில்லை.

பூட்டி வைத்தால் கெட்டுப்போகும் பொருள் இது. வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் எண்ணெய் பிசினாக இறுகி, பெடல்கள் முரண்டு பிடிக்கும். பழைய எம்மன்ஸோ, போன மாதம் வந்த புதிய முல்லனோ, தினமும் கொஞ்ச நேரம் யாராவது அதன் முன்னால் உட்கார வேண்டும். அடிப்பக்கத்தைக் கவிழ்த்துக் காட்டும்போது அவர்கள் சொல்லாமல் சொல்வதும் அதுதான்: 'பாருங்கள், ஒரு தண்டுகூடத் துருப்பிடிக்கவில்லை!'