மானாபமானமும் மணமகன் தேர்வும்

வாய்ச்சொல்லில் வீரராய் விளங்குவோர் எல்லா மொழி இலக்கியங்களிலும் உளர். விராட நகரத்து அந்தப்புரத்தில் மகளிர் முன்னே மார்தட்டிய உத்தரகுமாரன், கௌரவர் சேனையைக் கண்டதும் தேரினின்று குதித்தோடிய கதையை நாம் பாரதத்தில் கேட்டிருக்கிறோம். அத்தகையவன் ஒருவன் பெண் கேட்டு வந்தால் அவனை அறிவது எங்ஙனம்? புனே நகரில் வாழும் நமக்கு, மராத்தி நாடக மேடையே இதற்கு விடை கூறுகிறது.

திலகரின் 'கேசரி'யில் பணியாற்றிய கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர் இயற்றிய 'சங்கீத மானாபமான்' 1911-ஆம் ஆண்டில் மேடையேறியது. செல்வர் வீட்டுப் பெண் பாமினி. தந்தை அவளுக்கெனக் கருதியவன் தைரியதரன் என்னும் படைத்தலைவன். வீரன், ஆனால் செல்வமில்லாதவன். பாமினி அவனை இகழ்கிறாள். மற்றொருபுறம், நகையும் பகட்டுமாய்த் திரிகிறான் லட்சுமிதரன். ஆபத்து நெருங்கியதும் அவனுடைய மிடுக்கு மறைந்து, கோழைத்தனம் வெளிப்படுகிறது. பாமினியோ எளிய பெண்ணாக மாறுவேடம் பூண்டு, தைரியதரனின் உள்ளத்தை நேரில் அறிகிறாள். ஆகவே சோதிக்கப்படுவது மணமகனின் வீரம் மட்டுமன்று. பெண்ணின் மதிப்பீடும் சோதிக்கப்படுகிறது. பெயரிலேயே மானமும் அவமானமும் இணைந்திருப்பதன் பொருள் இதுவே.

கோவிந்தராவ் டேம்பே இசையமைத்த இந்நாடகத்தில் பாமினியாக நடித்துப் பெரும்புகழ் எய்தியவர், நாராயண ஸ்ரீபாத ராஜஹம்சர் என்னும் பால கந்தர்வர். அவர் பெயரால் 1968-இல் புனேயில் எழுந்ததே பால கந்தர்வ ரங்கமந்திரம்.

நம் கலித்தொகையின் முல்லைப் பாடல்களிலும் இக்கருத்து உண்டு. ஏறு தழுவிய இளைஞனையே ஆயர் மகள் விரும்பினாள். காளையின் கொம்பு முன் வெற்றுப் பெருமை செல்லாது. ஊரே சாட்சியாகக் கூடி நிற்கும்.

சொந்த ஊரைவிட்டு வந்த நமக்கு அத்தகைய சாட்சிகள் அரியர். வரன் கூறும் சம்பளமும் பதவியும் செல்வாக்குமே முதலில் நம் காதில் விழுகின்றன. எனவே, அவன் தன்னைப்பற்றி உரைப்பதைக் காட்டிலும், உடன் பணிபுரிவோரும் அண்டை வீட்டாரும் உரைப்பதற்குச் செவிசாய்த்தல் நலம். பிறர் துன்பத்தில் அவன் நின்றானா, நழுவினானா என்று வினவுவோம். பெண்ணும் அவனோடு பேசித் தானே முடிவு செய்யட்டும். பாமினி செய்ததும் அதுவே அன்றோ?