உப்பு குறைந்தால் லித்தியம் ஏறும்

பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய்க்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் மீன், கீரை, வால்நட் என்று ஆளுக்கொரு பட்டியல் கிடைக்கும். நல்ல உணவுகள்தான், ஆனால் அவற்றில் எதுவும் மருந்துக்கு ஈடாகாது. இந்த நோய்க்கு லித்தியம் மாத்திரை எடுப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது உப்பை.

தனிம அட்டவணையில் லித்தியம் மூன்றாவது தனிமம். சோடியத்துக்கு நேர் மேலே, அதே குடும்பத்தில் இருக்கிறது. சிறுநீரகமும் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடத்துகிறது. உடம்பில் சோடியம் குறைந்தால், வடிகட்டியதை வெளியே விடாமல் மீட்டுக்கொள்கிறது. அதோடு லித்தியமும் திரும்பி வந்துவிடுகிறது. அதே மாத்திரை, அதே அளவு. இரத்தத்தில் மட்டும் லித்தியம் ஏறிக்கொண்டே போகும். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பெரும்பாலும் மருந்து; 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், வாந்தியும் பேதியும் வரும். அந்தப் பேதியே உப்பையும் நீரையும் வெளியேற்றி, லித்தியத்தை இன்னும் ஏற்றிவிடும்.

1949இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கு உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டது. சோடியத்தை ஒதுக்கியவர்கள், லித்தியத்தை அளவில்லாமல் தூவிச் சாப்பிட்டார்கள். இதைவிட ஆபத்தான சேர்க்கை கிடையாது. சிலர் இறந்தார்கள், பொருள் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், கட்டுமீறிய மனவெழுச்சியில் இருந்த பத்து நோயாளிகளை லித்தியம் அமைதிப்படுத்தியதை ஆய்விதழில் எழுதினார். ஒரு நாட்டில் உயிரைக் குடித்த பொருள், இன்னொரு நாட்டில் வாழ்க்கையை மீட்டுக் கொடுத்தது! அமெரிக்கா அதை மருந்தாக ஏற்க 1970 வரை ஆனது.

இரத்த அழுத்தம் என்று திடீரென உப்பை நிறுத்துவது, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டும் வேலை, எல்லாமே லித்தியத்தை ஏற்றக்கூடியவை. காப்பி சிறுநீர் வழியே லித்தியத்தை வெளியேற்றும். பல வருடக் காப்பியை ஒரே நாளில் விட்டாலும் அளவு உயரலாம். பயந்துபோய் உப்பை அள்ளிப் போட்டால் லித்தியம் இறங்கி, நோய் தலைதூக்கும்.

எனவே லித்தியம் எடுப்பவர்களே, வழக்கமான உப்பையும் தண்ணீரையும் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.