போதை ஏறாத உடம்பு

தமிழகத்தின் பல ஊர்களிலும், எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாமல் வீடு வந்து சேர்பவரை 'ஸ்டெடி'யான ஆள் என்று மெச்சும் வழக்கம் உண்டு. மருத்துவ அறிவியலின்படி அது உடல்வலிமை அன்று. மதுவுக்கு ஈடுகொடுக்கும் வகையில் மூளை மாறிவிட்டதன் அறிகுறி.

டாஸ்மாக் கடையில் விற்கும் 180 மில்லி குவாட்டரில், 42.8 விழுக்காடு என்ற கணக்கில், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மணிக்கு 7 முதல் 10 கிராம் வரையே எரிக்கவல்ல கல்லீரல் அதனை வெளியேற்ற ஆறு மணி நேரத்திற்கும் மேலாகும். நாள்தோறும் குடிப்பவரின் கல்லீரல் நொதிகள் சற்று விரைந்து செயல்படப் பழகினாலும், 'சகிப்புத்தன்மை' எனப்படும், போதை ஏறாத இந்நிலையின் பெரும்பகுதி உருவாவது மூளையில்தான்.

நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் 'காபா', தூண்டிவிடும் 'குளூட்டமேட்' என்னும் இரு வேதிப்பொருள்கள் மூளையில் சமநிலையில் இயங்குகின்றன. மது முன்னதை வலுப்படுத்திப் பின்னதைத் தடுப்பதால், தொடர்ந்து குடிப்பவரின் மூளை சமநிலையை மீட்க காபாவுக்கான உணர்திறனைக் குறைத்து, குளூட்டமேட்டின் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. ஆகவே கட்டிங்கில் கிடைத்த கிறக்கத்திற்குக் குவாட்டரும், பின்னர் ஆஃப் பாட்டிலும் தேவைப்படுகின்றன. மது இறங்கிய விடியற்காலையிலோ, கட்டுப்பாடிழந்த தூண்டல் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல் என வெளிப்படுகிறது. மகிழ்ச்சிக்கெனத் தொடங்கிய குடி, இந்தத் துன்பத்தைத் தணிக்கும் குடியாகிவிடுகிறது. நீடித்த சோர்வும் அச்சமும் மனத்தில் குடிகொள்கின்றன.

மூளை பழகினாலும் பிற உறுப்புகள் பாதிப்பிலிருந்து தப்புவதில்லை. குடித்த அளவுக்கேற்பவே கல்லீரல் கெடுகிறது. தள்ளாடாதவரின் இரத்தத்திலும் ஆல்கஹால் வாகனம் ஓட்டுவோருக்கான 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும்.

பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் வைராக்கியத்தால் திடீரென நிறுத்தினால், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாட்களில் உயிரைப் பறிக்கவல்ல மனக்குழப்பமும் வரலாம். எனவே அத்தகையவரை வீட்டில் பூட்டிவைக்காமல் மருத்துவரிடம் அழைத்துச்செல்ல வேண்டும். அமைதிப்படுத்தும் மருந்தும் தயமின் என்னும் பி1 வைட்டமினும் அந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க உதவும். அதன்பின் மூளை மெல்ல மெல்லச் சீராகிறது. மதுவால் வந்த மனச்சோர்வு பலருக்குச் சில வாரங்களிலேயே தணிகிறது. குடியை நிறுத்த விரும்புவோரும் குடும்பத்தினரும் 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.