ஓய்மான் நல்லியக்கோடன்

ஓய்மான் நல்லியக்கோடன் சங்ககாலக் குறுநில மன்னர்களில் ஒருவன். இவனது நாடு ஓய்மானாடு எனப்பட்டது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம், மரக்காணம் பகுதிகள் இந்நாட்டில் அடங்கியிருந்தன. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் இவனே. 269 அடிகள் கொண்ட இந்நூலை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்.

காலம்

பாரி, காரி, ஓரி முதலான வள்ளல்கள் எழுவரும் தாங்கிய ஈகை என்னும் நுகத்தை இவன் ஒருவனே தாங்கினான் என்று புலவர் பாராட்டுகிறார். எழுவரும் முன்னோராகச் சுட்டப்படுவதால் இவன் அவர்களுக்குப் பிற்பட்டவன் என்பது தெளிவு.

குடும்பம்

இவனுடைய பெற்றோர், மனைவி, மக்கள் ஆகியோரின் பெயர்கள் பாடல்களில் இல்லை. குடிப்பெயர் மட்டும் உள்ளது. இவன் மாவிலங்கையை ஆண்ட ஓவியர் குடியினன். புறநானூற்றில் புறத்திணை நன்னாகனார் ஓய்மான் குடியினர் மூவரைப் பாடியுள்ளார்.

176 ஆம் பாடல் – நல்லியக்கோடன்
376 ஆம் பாடல் – நல்லியாதன்
379 ஆம் பாடல் – வில்லியாதன்

மூவரும் ஒரே குடியினர் என்பதைப் பெயர்கள் காட்டுகின்றன. அவர்களுக்குள் இருந்த உறவுமுறை பாடல்களில் கூறப்படவில்லை.

ஊர்கள்

பாணன் செல்லும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் ஆகிய ஊர்கள் கூறப்படுகின்றன. எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீனும், வேலூரில் புளியிட்ட சோறும் ஆமான் சூடும், ஆமூரில் நண்டுக் கலவையுடன் வெண்சோறும் பாணர்க்குக் கிடைக்கும். கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளுசு என்னும் கடல்வழி நூல் சோபட்மா என்று குறிப்பிடும் துறைமுகமும் இதுவே என்பது ஆய்வாளர் பலர் கருத்து.

கொடை

பாணனின் வறுமையை நூல் விரிவாகக் காட்டுகிறது. அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்துடன் அதை உண்கிறாள். அத்தகையோர்க்கு நல்லியக்கோடன் பொற்கலத்தில் உணவிட்டு, தானே நின்று ஊட்டித் தேரும் பரிசிலும் தந்தான்.

இவனைக் காணாமல் கழிந்த நாள்களை எண்ணி நன்னாகனார் வருந்துகிறார். பாரியின் பறம்பு மலையில் உள்ள சுனைநீர் எளிதில் கிடைப்பதால் ஊரார் அதன் அருமையை உணராதிருப்பர். அதுபோலத் தாமும் இருந்துவிட்டதாகக் கூறுகிறார்.

நூல்கள் பதிப்பு

உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளிலிருந்து பத்துப்பாட்டை 1889 இலும் புறநானூற்றை 1894 இலும் பதிப்பித்தார். நல்லியக்கோடனின் வரலாறு இவ்விரு நூல்களின் வழியாகவே அறியப்படுகிறது.